பாட்டி பேசும் படுக மொழியை நிறுத்தணுமா?

கோத்தகிரி, ஸ்பீச் தெரபிஸ்ட்:
“வீட்ல படுகு, பக்கத்து வீட்ல தமிழ், ப்ளே ஸ்கூல்ல இங்கிலீஷ். புள்ள குழம்பிப்போய்தான் பேசலையா?” இதைக் கேட்காத வாரமே கிடையாது. குழப்பம் பிள்ளைக்கு இல்லை, எண்ணுகிறவருக்கு. தமிழ்ச் சொல்லை மட்டும் எண்ணிப் பதறுகிறார்கள்.

ஒரு நோட்டில் மொழிக்கு ஒரு பத்தி போடுங்கள். ஒரு வாரம், பிள்ளை தானாகச் சொல்வதை மட்டும் எழுதுங்கள். நீங்கள் சொல்லி அது திருப்பிச் சொன்னது சேராது. தமிழ் ‘பால்’ ஒன்று, அதையே படுகில் சொல்லும் ‘ஹாலு’ இன்னொன்று. வெறும் ‘ஹா’ என்றாலும், எப்போதும் பாலுக்கே சொன்னால் அதுவும் கணக்கு. 2 வயதில் எல்லாப் பத்தியும் சேர்ந்து 50 சொல்லாவது இருக்கணும், இரண்டு சொல்லைக் கோத்தும் பேசணும்.

அது இல்லையென்றால் பாட்டி வாயை அடைக்காதீர்கள், பிள்ளை காதைப் பாருங்கள். சளி வாரக்கணக்கில் நின்றால் நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். பஞ்சு வைத்த மாதிரிதான் கேட்கும். நடுக்காதில் நீர் இருக்கிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி சோதனை சில நிமிட வேலை, ஊசி கிடையாது.

கூடலூர், அங்கன்வாடிப் பணியாளர்:
இங்கே தமிழோட மலையாளம். தமிழ் வீட்டுப் பிள்ளை “வெள்ளம் வேணும்”னு கேட்கும், பெரியவங்க “வெள்ளமா, எங்க வந்துச்சு?”னு சிரிப்பாங்க. ரெண்டு தடவை சிரிச்சா மூணாவது தடவை டம்ளரைக் கையால காட்டும், வாய் திறக்காது. “தண்ணி வேணுமா? இந்தா தண்ணி”ன்னு குடுத்துட்டுப் போங்க, போதும். அதே பிள்ளை மலையாளச் சேச்சிகிட்ட வெள்ளம், ஆயாகிட்ட தண்ணின்னு பிரிச்சுக் கேட்கிறதையும் கவனிங்க. இதுக்குப் பேரு குழப்பமா?

குன்னூர், ஆரம்பப் பள்ளி ஆசிரியர்:
அப்பா ஒரு மொழி, அம்மா ஒரு மொழி என்ற விதியைப் பிடித்துக்கொண்டு தவிப்பவர்கள் உண்டு. பிரெஞ்சு மொழியியலாளர் ரோன்ஜா தன் மகனை அப்படி வளர்த்து 1913-ல் எழுதினார். அங்கே பிரெஞ்சு அப்பா, ஜெர்மன் அம்மா. ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், தாத்தா, அத்தை, பக்கத்து வீடு எல்லாரும் பேசும்போது ஆள் கணக்கு நிற்காது. வேளைக் கணக்கு நிற்கும். குளியலும் இரவுச் சாப்பாடும் படுகு என்று வைத்துக்கொள்ளலாம்.

கெடுவது வேறு இடத்தில். பெரியவர்கள் தங்களுக்குள் படுகு பேசிவிட்டு, பிள்ளையிடம் மட்டும் “கம், சிட், ஈட்” என்பார்கள். அதன் காதில் விழுவது பத்து ஏவல். கதை இல்லை, ‘ஏன்’ இல்லை, நேற்று நடந்தது இல்லை. வாசிப்பு தமிழில் நடக்கட்டும், படத்தைப் பற்றிய பேச்சு படுகில் நடக்கட்டும். படுகில் கேட்டால் தமிழில் பதில் சொல்லும் பிள்ளையை அதட்ட வேண்டாம். அதே விஷயத்தைப் படுகில் சொல்லிவிட்டு, மனசுக்குள் ஐந்து எண்ணிக் காத்திருங்கள். நம்மில் பலர் இரண்டு எண்ணுவதற்குள் மொழிபெயர்த்துவிடுகிறோம்.

கோத்தகிரி, ஸ்பீச் தெரபிஸ்ட்:
திக்குவாயையும் இரண்டு மொழி மேல் போடுகிறார்கள். அது காரணம் இல்லை. 2 முதல் 5 வயதுக்குள் திக்குவது சகஜம், பலருக்குத் தானே விடும். ஆறு மாதம் தாண்டினாலோ, குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலோ, பேசும்போது முகம் இறுகினாலோ கூட்டிவாருங்கள். வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வரவும்.