கொங்குல இருந்துட்டு புதைபடிவ ஆய்வு பழக்குறது எப்படி?

பவானிக்கரை: வணக்கமுங்க. ஈரோட்டுல எம்.எஸ்சி. விலங்கியல் பசங்க ஆறு பேருக்குப் பெரும்பரிணாம ஆய்வு, அதாவது உயிரினக் குழுக்கள் நெடுங்காலத்துல தோன்றி, பிரிஞ்சு, அழிஞ்சதைப் படிக்கிறது, பழக்கணும். புதைபடிவத்தையும் பரிணாம மரத்தையும் (எந்த இனம் எதுல இருந்து பிரிஞ்சதுன்னு காட்டுற கிளைப்படம்) சேர்த்துக் கையாளத் தெரியணும். எங்கிருந்து ஆரம்பிக்கலாமுங்க?

நொய்யல்: நம்ம பக்கம் நைசு, சார்னோக்கைட்டுன்னு பூமிக்கடியில வெந்து உருமாறுன பாறைகதானுங்க, அதுல புதைபடிவம் கிடைக்காது. பெரம்பலூர் பக்கம் காரைக்குக் கூட்டிட்டுப் போங்க. டைனோசர் இருந்த கிரெட்டேசியக் காலத்துக் கடல் களிமண். ஓடை அரிச்ச சரிவுல விரல் மொத்தத்துக்கு பெலம்னைட் (கணவாய் மாதிரி அழிஞ்சு போன கடல் உயிரி) துண்டுக கிடக்கும். தொடறதுக்கு முன்னாடியே எந்த அடுக்கு, ஜிபிஎஸ் புள்ளி எதுன்னு எழுதி, அளவுகோல் வெச்சுப் படம் எடுக்கச் சொல்லுங்க. மழையில உருண்டு வந்த துண்டுக்கு அடுக்கு தெரியாது. அதை வயசுக் கணக்குல சேர்க்கவே கூடாதுங்க.

அமராவதி: அப்புறம் பேலியோபயாலஜி டேட்டாபேஸ்ங்கிற இணையப் புதைபடிவத் தரவுத்தளத்துல ஒரு குடும்பத்தோட பதிவுகளை இறக்கி, பீஸ்ட் 2 இல்லைன்னா ரெவ்பேயஸ்ங்கிற மரம் கணிக்கிற மென்பொருள்ல புதைபடிவப் பிறப்பு-இறப்பு மாதிரியை ஓட்டுங்க. இனம் தோன்றுற, அழியுற, புதைபடிவமாக் கிடைக்கிற வேகங்களைச் சேர்த்துக் கணிக்கிற மாதிரி அது. பசங்க பெரும்பாலும் சறுக்குறது வயசுலதான். கிரெட்டேசியத்தோட ஒரு பகுதியான செனோமேனியன் காலத்து எச்சம்னா 100.5-லிருந்து 93.9 மில்லியன் ஆண்டு வரைக்கும் வரம்பு. அதோட நடு எண்ணை மட்டும் போட்டா, கிளை பிரிஞ்ச காலம், உண்மையில இல்லாத துல்லியத்தோட வரும். வரம்பை முழுசாக் கொடுங்க. அதேபோல, இன்னைக்கு இருக்கிற இனங்களோட பொது மூதாதைக்கு முன்னாடியே பிரிஞ்ச எச்சத்தை அந்த இனங்களோட குழுவுக்குள்ளே வெச்சுட்டா, அந்தக் குழுவோட வயசு எகிறிடும். ஓட்டின முடிவைச் சரிபார்க்கிற ட்ரேசர் மென்பொருள்ல ஈஎஸ்எஸ் (ஒண்ணையொண்ணு சாராத மாதிரிகளோட எண்ணிக்கை) 200-க்குக் கீழே இருந்தா இன்னும் நீளமா ஓட்டணும்.

பவானிக்கரை: உயிரோட இருக்கிற இனங்களோட மரம் மட்டும் போதாதுங்களா?

அமராவதி: போதாதுங்க. ஒரே மரத்துக்கு எண்ணற்ற தோற்ற-அழிவு வரலாறுகள் சமமாப் பொருந்தும்னு 2020-ல லூக்கா, பென்னல்ங்கிற ரெண்டு ஆய்வாளருக காட்டிட்டாங்க. முதல் வாரமே பசங்களுக்கு இதைச் சொல்லிடுங்க.