வேலிக்கு அப்பால் விழுந்த மான்: எடுக்கப் போகலாமா?

புதுவில்:
வேட்டை சட்டப்படி நடக்கும் ஓர் இடம். உரிமம் உள்ள ஒருவர் அனுமதி பெற்ற நிலத்தில் நின்று மான்மேல் அம்பு விடுகிறார். அடிபட்ட மான் வேலியைத் தாண்டிப் பக்கத்து நிலத்துக்குள் ஓடிவிடுகிறது. ரத்தத் தடம் வேலிவரை தெளிவாக இருக்கிறது. நிலத்துக்காரர் போனை எடுக்கவில்லை, இருட்டிக்கொண்டு வருகிறது. உள்ளே போவதா, திரும்புவதா? சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பது தெரியும். எது சரி என்று கேட்கிறேன்.

தடம்தேடி:
போக வேண்டும். அம்பை விட்டவர் நீங்கள், அந்த உயிர் படுகிற பாட்டுக்கும் நீங்களே பொறுப்பு. வேலி என்பது மனிதர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட எல்லை. அதைக் காரணம் காட்டி ஒரு விலங்கை விடிய விடியத் துடிக்க விடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. வில்லை இந்தப் பக்கம் வைத்துவிட்டு, விளக்கோடு தடம் பார்த்துப் போய், மானை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். பயிரை மிதிக்காதீர்கள், திறந்த கதவை மூடிவிட்டு வாருங்கள். காலையில் நிலத்துக்காரரிடம் நடந்ததை அப்படியே சொல்லிவிடுங்கள்.

வேலிக்காரன்:
நான் நிலம் வைத்திருப்பவன், வேட்டையும் ஆடுகிறவன். தடம்தேடி சொல்வதில் ஓர் ஓட்டை இருக்கிறது. வில்லை வைத்துவிட்டுப் போனால், உயிரோடு கிடக்கிற மானை என்ன செய்வீர்கள்? அதன் வேதனையைத் தீர்க்கத்தானே போகிறீர்கள்? ஆயுதத்தோடு போனால், இருட்டில் என் நிலத்துக்குள் ஆயுதம் ஏந்திய ஒருவர் விளக்கடித்துக்கொண்டு நடக்கிறார். வீட்டுக்குள் இருக்கும் என் பிள்ளைகளுக்கு அவர் நல்லவரா திருடனா என்று எப்படித் தெரியும்? பிரிட்டனில் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் அனுமதியில்லாமல் துப்பாக்கியோடு பிறர் நிலத்தில் நுழைவதைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது.

இன்னொன்று. நுரையீரலில் சரியாக அடிபட்ட மானே நூறு மீட்டர்வரை ஓடக்கூடும். இது வேட்டைக்காரர் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வேலிக்கு இருபது மீட்டர் தள்ளிப் பரண் கட்டி உட்கார்கிறார்கள். மான் என் நிலத்தில்தான் விழும் என்பது அம்பு விடும் முன்பே தெரிந்த விஷயம். அப்படி இருக்கும்போது “தற்செயலாக உங்கள் பக்கம் வந்துவிட்டது” என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன். இதை எங்கள் பக்கத்து வேலியில் பல பருவங்களாகப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

ஏடுபார்ப்பவர்:
இந்தச் சண்டை மிகப் பழையது. ரோமானியச் சட்டத்தில் காட்டு விலங்கு யாருக்கும் சொந்தமில்லை, பிடித்தவருக்கே சொந்தம். அடிபட்டு ஓடும் விலங்கு யாருடையது என்பதில்தான் தகராறு. துரத்துகிறவரை அது அடித்தவனுடையது என்றார் டிரெபேஷியஸ் என்ற சட்ட அறிஞர். பெரும்பாலோர் ஒப்பவில்லை. பிடிபடாமல் போக ஆயிரம் காரணம் உண்டு, கையில் கிடைத்தால்தான் சொந்தம் என்றார்கள். 533இல் பேரரசர் ஜஸ்டினியன் தொகுப்பித்த சட்ட நூலும் இவர்கள் பக்கமே நின்றது. பிறர் நிலத்தில் பிடித்தாலும் விலங்கு பிடித்தவருக்கே என்று சொன்ன அதே இடத்தில், நுழைய வருகிறவரைத் தடுக்க நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு என்றும் அந்த நூல் சொல்கிறது. ஆக, மான் யாருடையது என்பதும், நிலத்துக்குள் போகலாமா என்பதும் வேறு வேறு கேள்விகள். இந்த உரையாடலில் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

1805இல் நியூயார்க்கின் பியர்சன் எதிர் போஸ்ட் வழக்கில் ஒருவர் நாய்களோடு துரத்திய நரியை இன்னொருவர் குறுக்கே புகுந்து கொன்றார். வெறும் துரத்தல் உரிமை ஆகாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் சாகும்படி காயப்படுத்தி, துரத்தலையும் கைவிடாதவரின் நிலை வேறு என்பதை அந்தத் தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. அதனால் மானின் மேல் புதுவில் சொல்லும் வேட்டைக்காரருக்கு ஓரளவு உரிமை பேசலாம். வேலி தாண்டும் உரிமை அதிலிருந்து தானாக வராது.

தடம்தேடி:
சட்டமும் ஒரே பக்கம் பேசவில்லையே, ஐயா. அமெரிக்க மாநிலமான மினசோட்டாவில் நுழையத் தடை அறிவிப்பு இல்லாத நிலத்தில், முறைப்படி சுடப்பட்டுக் காயமடைந்த விலங்கை எடுக்க அனுமதி கேட்காமலே நடந்து போகலாம். எடுத்ததும் வெளியேறிவிட வேண்டும். இன்னொரு மாநிலமான வர்ஜீனியாவில் தடை உள்ள நிலத்திலும் வேட்டை நாயை மீட்கப் போகலாம், ஆயுதம் மட்டும் கூடாது. நாயை மீட்கப் போகலாம் என்றால் துடிக்கிற மானுக்காகப் போகக்கூடாதா?

வேலிக்காரன்:
வர்ஜீனியாவைச் சொல்கிறீர்கள். அங்கே நிலத்துக்காரர்கள் அந்த விதியை எதிர்த்து எவ்வளவு காலமாகப் போராடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாயை மீட்கிறேன் என்று வருகிற ஒவ்வொருவரும் நாயைத்தான் தேடுகிறார் என்று எப்படி நம்புவது?

மோப்பத்தடம்:
காயம்பட்ட விலங்குகளைத் தேட நாய் பழக்குகிறவள் நான். “நேரமில்லை” என்கிற வாதம்தான் எனக்கு இடிக்கிறது. முதலில் ரத்தத்தைப் பாருங்கள். வெளிர் சிவப்பாய் நுரையோடு இருந்தால் நுரையீரல். அந்த மான் நீங்கள் போனை வைக்கும் முன்பே செத்திருக்கும், அரை மணி நேரம் பொறுத்துத் தேடினாலும் அது கிடந்த இடத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், சில மணி நேரம் விட வேண்டும். பச்சையோ பழுப்போ கலந்து, செரிக்காத தீனி வாடை அடித்தால் குடல். அந்த மானைக் குறைந்தது ஆறு மணி நேரம் தொடக் கூடாது, எட்டோ பன்னிரண்டோ இன்னும் நல்லது. முன்னாலேயே போய்க் கிளப்பிவிட்டால், படுத்த இடத்தில் சாக வேண்டிய மான் எழுந்து அடுத்த வேலியையும் தாண்டும், பிறகு நாய்க்குக்கூடக் கிடைக்காது.

அதாவது, எந்த மான் உண்மையில் அதிகம் துடிக்கிறதோ, அதற்காகத்தான் நாம் கட்டாயம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் நிலத்துக்காரரைத் தேடலாம், பக்கத்து வீட்டில் விசாரிக்கலாம், வேட்டைக் கண்காணிப்பு அதிகாரியைக் கூப்பிடலாம். இரக்கத்தால் உடனே வேலி தாண்டுகிறேன் என்பவர்களில் பலர் இறைச்சி கெட்டுவிடுமே என்ற பதற்றத்தில்தான் தாண்டுகிறார்கள். அந்தப் பதற்றமும் நியாயமானதே. கொன்றதை அழுக விடுவது பெரிய தவறு. அதற்காக இரக்கத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம்.

தடம்தேடி:
காத்திருக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன், அம்மா. ஆனால் மழை வந்தால் தடம் அழிந்துவிடும், இரவில் ஓநாய்களும் வரும். காலொடிந்த மான் என்றால் காத்திருப்பதில் பயனே இல்லை. ஒரே விதியை எல்லாக் காயத்துக்கும் வைக்க முடியாது.

ஏடுபார்ப்பவர்:
ஜெர்மனி இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அவர்களுடைய கூட்டாட்சி வேட்டைச் சட்டத்தின் 22அ பிரிவு, கடுமையாகக் காயம்பட்ட விலங்கை வீணாகத் துன்பப்பட விடக்கூடாது என்று முதலில் கடமையைச் சொல்கிறது. அடுத்து, அது பக்கத்து வேட்டைப் பகுதிக்குள் போனால், அங்கே வேட்டை உரிமை உள்ளவரோடு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்தான் பின்தொடரலாம் என்கிறது. விரிவான விதிகளை மாநிலங்கள் வகுக்கின்றன. பேச்சுவார்த்தை அம்பு விடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

நம் அகப்பாட்டிலும் இந்தக் காட்சி உண்டு. அம்பு தைத்த யானையோ மானோ இந்தப் பக்கம் வந்ததா என்று தினைப்புனம் காக்கும் பெண்ணிடம் தலைவன் கேட்டு நிற்பான். உண்மையில் அவளோடு பேசத்தான் அந்தச் சாக்கு. ஆனாலும் புனத்தின் ஓரத்தில் நின்று கேட்பதுதான் ஒரு வேட்டுவனுக்கு இயல்பு என்று கேட்பவர் நம்பினால்தானே சாக்கு செல்லும்?

புதுவில்:
அப்படியானால் பருவம் தொடங்கும் முன்பே போய்ப் பேச வேண்டும். என்ன கேட்பது? “உள்ளே வரலாமா” என்று மட்டுமா?

வேலிக்காரன்:
என்னிடம் வருகிறவரிடம் நான் எதிர்பார்ப்பதைச் சொல்கிறேன். பரணை வேலியிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். எந்த நேரத்திலும் கூப்பிட என் எண்ணையும், நான் இல்லாவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் வாங்கிக்கொள்ளுங்கள். வில்லோடு வரலாமா, நான் கூட வர வேண்டுமா, நாய் வரலாமா, எல்லாவற்றையும் அப்போதே தீர்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்வோம். இவ்வளவும் செய்தவரை நான் ஒருநாளும் திருப்பி அனுப்பமாட்டேன். நடுராத்திரி என்றாலும் விளக்கோடு கூடவே வருவேன்.

தடம்தேடி:
நீங்கள் வேட்டைக்காரர், உங்களுக்குப் புரிகிறது. வேட்டையையே வெறுக்கும் ஒருவரின் நிலம் என்றால்? முன்பே போய்க் கேட்டாலும் மறுப்பார், அன்று கேட்டாலும் மறுப்பார். அதிகாரி வந்தாலும் பல இடங்களில் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. அப்போது மான் உள்ளே கிடந்து சாகட்டும் என்கிறீர்களா? இந்த ஓர் இடத்தில் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

மோப்பத்தடம்:
மறுப்பார் என்று முன்பே தெரிந்தால், அந்த வேலிப் பக்கம் வேட்டையாடவே கூடாது. எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பதை அந்த மறுப்பே சொல்லிவிடுகிறது. அப்படியும் ஒன்று போய்விட்டால், கிடைக்காத மானையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக இன்னொன்றை அடிக்கப் போகாதீர்கள்.

வேலிக்காரன்:
வேட்டையை வெறுக்கும் நிலத்துக்காரருக்கும் நான் ஒன்று சொல்வேன். உள்ளே வராதே என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, அதற்காக நானும் வாதாடுவேன். ஆனால் அப்படிச் சொன்ன நிமிடத்திலிருந்து அந்த மானைத் தேடும் பொறுப்பில் பாதி உங்களுடையது. விளக்கை எடுத்துக்கொண்டு நீங்களே போய்ப் பாருங்கள். உயிரோடு இருந்தால் அதிகாரியைக் கூப்பிடுங்கள், செத்திருந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் சொல்லிவிடுங்கள்.