பண்ணைக்கீரை தொட்டியில் ஏன் வரமாட்டேங்குது?

சத்துவாச்சாரி மாடி:
எனக்குச் சொந்த ஊர் ஒடுகத்தூர் பக்கம். ஆடி மழை விழுந்து மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லையில முதல் களை எடுக்கும்போது அம்மா மடி நிறைய பண்ணைக்கீரை கொண்டாருவாங்க. அன்னிக்கு ராத்திரி கேவுரு களியும் கடைஞ்ச கீரையும்தான். இப்ப களைக்கொல்லி அடிக்கிறதால கீரை கண்ணுலயே படலை. வரப்போரம் தப்பிச்ச ஒரு செடியில விதை உருவிட்டு வந்தேன். மாடியில பச்சை வலைக்குக் கீழே, பையில ரெண்டு விரக்கடை ஆழத்துல போட்டு மூடினேன், ஒண்ணுகூட முளைக்கலை. மிச்சத்துல கொஞ்சம் கார்த்திகையில மேலாகத் தூவினேன். முளைச்சுது, ஆனா ஒரு சாண் வளரதுக்குள்ள பூ வந்துடுச்சு. எங்கே தப்பு?

குடியாத்தம் தோட்டக்காரர்:
முதல்ல வலையை எடுங்க. நிழலைவிட வெயில்லதான் நல்லா வரும் இது.

அணைக்கட்டு மானாவாரி:
தங்கச்சி, விதையை உள்ளங்கையில கொட்டிப் பாரு. கறுப்பா, மினுமினுன்னு, கடுகைவிடச் சின்னதா இருக்கும். ஆயிரம் விதை சேர்ந்தாதான் ஏறக்குறைய 1 கிராம். அவ்வளவு சின்ன விதைக்கு ரெண்டு விரக்கடை மண்ணை முட்டிக்கிட்டு வர சத்து ஏது? கொல்லையில ஏர் ஓட்டிப் புழுதியானதும் மேல் மண்ணுல கிடக்கிறதுதான் மழைக்கு முளைக்குது. மணலோட கலந்து தூவி, கையால லேசாத் தட்டிவிடு, போதும். பூவாளியிலதான் தண்ணி.

ரெண்டாவது, பருவம். பகல் குறைஞ்சா சீக்கிரம் பூக்கிற செடி இது. நம்ம ஊர்ல ஆனிப் பகல் 13 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மார்கழியில பதினொன்றரைக்கும் கீழே. கார்த்திகையில முளைச்சா இலை விடறதுக்கு முன்ன கதிர் தள்ளிடும். குளிரும் ஆகாது. வைகாசிக் கடைசியில இருந்து ஆடிக்குள்ள தூவு. ஒரு முழம் வந்ததும் நுனியைக் கிள்ளிக்கிட்டே இரு, பக்கக் கிளை விடும். நரிவால் மாதிரி வெள்ளையும் ரோஸுமா கதிர் வந்துட்டா இலை முத்திப்போச்சு. ரெண்டு செடியை மட்டும் விதைக்கு விட்டுடு.

தக்காளி, கத்தரி வெச்ச பழைய மண்ணுல போடாதே. வேர்முடிச்சு நூற்புழு, அதாவது வேரை முடிச்சு முடிச்சா வீங்க வைக்கிற கண்ணுக்குத் தெரியாத புழு, இருந்தா இதையும் பிடிக்கும்.

களைன்னு நாம பிடுங்கிப் போடறதை நைஜீரியாவுல பாத்தி கட்டிப் பயிர் பண்றாங்க. என் கொல்லையில துவரைச் சால் ஓரமா நாலு அடி அகலத்துக்கு மருந்து அடிக்காம விட்டிருக்கேன். கூலிக்கு வர்ற பொம்பளைங்க போறப்ப அதுலதான் கிள்ளிக்கிட்டுப் போறாங்க. கொல்லைக்கு ஒரு துண்டாவது எல்லாரும் அப்படி விடணும்னு கையெடுத்துக் கேட்டுக்கறேன். மருந்து அடிச்ச கொல்லையில மட்டும் தப்பிச்ச செடின்னு கிள்ளிடாதீங்க.

காட்பாடி பாட்டி:
கண்ணு, கீரையைக் கொதிக்கிற தண்ணியில போட்டு ஒரு கொதி விட்டு வடிச்சுடு. தண்ணி கறுப்பா இறங்கும், அதைக் கொட்டிடணும். அப்புறம் வெந்த துவரம்பருப்பு, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், துளி புளி சேர்த்து சட்டியில மத்தால கடை. மிக்ஸியில போட்டா கூழாயிடும், வேணாம்.

சத்துவாச்சாரி மாடி:
அண்ணா, வலையை இன்னிக்கே அவுத்துட்டேன். பையில போன தடவை தக்காளி வெச்ச மண்ணுதான் இருந்துச்சு, மாத்தறேன். விதை ஒரு சிட்டிகைதான் மிச்சம், வைகாசி வரைக்கும் காகிதத்துல மடிச்சு வெச்சா தாங்குமா?

அணைக்கட்டு மானாவாரி:
தாராளமா. ஈரம் படாம வெச்சுக்கோ. பத்தலைன்னா சொல்லு, நம்ம துண்டுல கதிர் காஞ்சிருக்கு, உருவித் தர்றேன்.