சிஎம்எஃப் ஏறுகிறது, எம்எஃப்ஐ இறங்குகிறது: எதை நம்புவது?

வினா: புதுவரவு

வணக்கம். நான் கவனித்து வரும் மருந்து நிறுவனப் பங்கு ஒன்று 200 ரூபாயில் முடிந்திருந்தது. காலாண்டு முடிவு வெளியான மறுநாள் 180-இல் திறந்து, 178 வரை இறங்கி, 186 வரை ஏறி, 185-இல் முடிந்தது. அன்றைய வால்யூம் (கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை) வழக்கத்தைப் போல் ஐந்து மடங்கு. இப்போது வாங்கும், விற்கும் அழுத்தத்தைக் காட்டும் குறியீடான சைக்கின் மணி ஃப்ளோ (சிஎம்எஃப்) 0.15-ஐத் தாண்டி நிற்கிறது. அதே வகையைச் சேர்ந்த மணி ஃப்ளோ இண்டெக்ஸோ (எம்எஃப்ஐ) 40-க்குக் கீழே இறங்கிவிட்டது. இரண்டும் பணப்பாய்வைத்தானே அளக்கின்றன? ஏன் இந்த முரண்பாடு?

பதில்: சார்ட் வாசகர்

முரண்பாடு அந்த ஒரே நாளில்தான் இருக்கிறது. சிஎம்எஃப் முந்தைய நாள் விலையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அன்றைய உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையில் முடிவு விலை எங்கே நிற்கிறது என்பதே அதற்குக் கணக்கு. முடிவு விலை அடிமட்டத்திலிருந்து 7 ரூபாய் மேலே, உச்சத்திலிருந்து 1 ரூபாய் கீழே. வித்தியாசமான 6-ஐ நாளின் வீச்சான 8-ஆல் வகுத்தால் 0.75. ஏழரை சதவீதம் வீழ்ந்த பங்குக்கு இவ்வளவு நல்ல மதிப்பெண்! எம்எஃப்ஐ அப்படியல்ல. உச்சம், அடிமட்டம், முடிவு மூன்றின் சராசரியான 183 முந்தைய நாளின் சராசரியைவிடக் குறைவு என்பதால், அன்றைய வால்யூம் முழுவதையும் அது எதிர்மறைப் பக்கம் தள்ளிவிடுகிறது.

வால்யூம் ஐந்து மடங்கு என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு நாளின் மதிப்பெண்ணையும் வால்யூமால் எடையிட்டுச் சராசரி எடுக்கும் 20 நாள் சிஎம்எஃப்பில் மற்ற 19 நாள்களின் பங்களிப்பு பூஜ்யமாகவே இருந்தாலும், இந்த ஒரு நாள் மட்டும் (19 + 5 = 24-இல் 5 பங்கு எடையுடன்) குறியீட்டை 0.156-க்குக் கொண்டுபோய்விடும். ஆகவே நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்த நாளின் நிழல். அந்த நாள் கணக்கிலிருந்து விலகும்போது, சந்தையில் எதுவுமே நடக்காவிட்டாலும் கோடு சட்டென்று சரியும்; அதை விற்பனை அழுத்தம் என்று எண்ணிவிடாதீர்கள்.

பதில்: பழைய தரகர்

மேலே சொன்னது சரி. ‘பணம் உள்ளே வருகிறது’ என்ற பேச்சே எனக்கு உடன்பாடில்லை. வாங்கியவர் கொடுத்த அதே தொகையைத்தான் விற்றவர் பெற்றுக்கொண்டு போகிறார். இந்தக் குறியீடுகள் விலை நகர்ந்த திசையை வால்யூமால் எடையிட்டுக் காட்டுகின்றனவே தவிர, வாங்கியவர் யார் என்பதைச் சொல்வதில்லை. அது தெரிய வேண்டுமானால் தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ வெளியிடும் டெலிவரி சதவீதத்தையும் (அன்றே விற்காமல் கணக்கில் எடுத்துக்கொண்ட பங்குகளின் விகிதம்) பல்க் டீல் பட்டியலையும் (ஒருவரே பெருமளவில் வாங்கிய, விற்ற வர்த்தகங்கள்) பாருங்கள். ஐந்து மடங்கு வால்யூமில் பெரும்பகுதி அன்றே வாங்கி அன்றே விற்றதாக இருந்தால், 0.75-க்கு நான் பெரிய மதிப்புத் தர மாட்டேன். டெலிவரியும் உயர்ந்திருந்தால், 180-ஐ ஒட்டி யாரோ பொறுமையாகச் சேர்த்திருக்கலாம். நிஃப்டி குறியீடுகளில் பங்குகள் மாற்றப்படும் சமயத்தில் அவற்றை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டுகள் கட்டாயமாக வாங்கி விற்பதாலும் இப்படி வால்யூம் வீங்கும்.

வினா: புதுவரவு

மிக்க நன்றி. இன்னொரு சந்தேகம்: அப்பர் சர்க்யூட்டில் (ஒரு நாளில் விலை ஏற அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு) பூட்டிக்கொண்ட பங்குக்கு சிஎம்எஃப் அன்று எதுவுமே சேர்க்கவில்லையே?

பதில்: சார்ட் வாசகர்

திறந்த விலையிலேயே நாள் முழுவதும் பூட்டிக் கிடந்தால் உச்சமும் அடிமட்டமும் ஒன்றாகிவிடும். வகுக்க வேண்டிய எண் பூஜ்யமாகிவிடுவதால், பல மென்பொருள்கள் அந்த நாளுக்குப் பூஜ்யம் இட்டு நகர்ந்துவிடுகின்றன. வாங்கக் காத்திருக்கும் ஆர்டர்கள் லட்சக்கணக்கில் வரிசையில் நின்றாலும், வர்த்தகமாக மாறாதவரை அவை வால்யூமில் சேரா. அத்தகைய பங்குகளுக்கு நான் இந்தக் குறியீட்டைத் திறப்பதே இல்லை.