மறு: ‘மௌத் ஃபங்கஸ்’ – வாய்ப்பூஞ்சையை எடுத்துவிடுவோம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் சேர்ந்து தமிழில் தொகுக்கும் தொட்டிமீன் சொற்பட்டியலில், மீனின் வாய் வெளுத்து அழுகும் ‘மௌத் ஃபங்கஸ்’ நோய்க்கு நேராக ‘வாய்ப்பூஞ்சை’ என்று போட்டிருக்கிறோம். அதை எடுத்துவிடக் கேட்கிறேன். அந்தச் சொல்லை நம்பி என் வீட்டில் ஒரு மீனைப் பறிகொடுத்தேன்.

போன வருஷம் மே மாதம், வேலூர் சத்துவாச்சாரியில் மாடி அறை. தொட்டித் தண்ணீர் 33 டிகிரி. ஜாக் டெம்ப்சி சிக்லிட் ஆண்கள் இரண்டும் சண்டைக்கு நின்றன. குத்துச்சண்டை வீரர் பெயரை அந்த மீனுக்குச் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். வாயோடு வாய் கவ்விக்கொண்டு தள்ளுவதும் இழுப்பதுமாகக் கால் மணி நேரம். பிரித்துவிட்டபோது சின்னதற்குக் கீழுதட்டுத் தோல் உரிந்து நூலாகத் தொங்கியது. மறுநாள் காலை மேலுதட்டோரம் சுண்ணாம்பு இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. தீனியை வாயில் வாங்கும், இரண்டு முறை அசைபோடும், துப்பிவிடும். கடையில் படத்தைக் காட்டினேன். “பூஞ்சைங்க” என்று மெத்திலீன் ப்ளூ கொடுத்தார்கள். நம் பட்டியலிலும் அதே சொல்லைப் பார்த்திருந்ததால் மறுபேச்சு பேசவில்லை. தண்ணீர் நீலமானதுதான் மிச்சம். மூன்றாம் நாள் உதடே இல்லாமல் செத்துக் கிடந்தது.

அது பூஞ்சையே இல்லை; ஃப்ளேவோபாக்டீரியம் காலம்னேர் என்ற பாக்டீரியா. 1922-ல் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் மிசிசிப்பி ஆற்று மீன்களில் கண்டு எழுதியது. நுண்ணோக்கியில் தூண் தூணாகக் குவிந்து நிற்பதால் அது தரும் நோய்க்குக் காலம்னாரிஸ் என்று பெயர். காயம் பட்ட இடம் அதற்குத் திறந்த வாசல். தண்ணீர் சூடேற ஏற அதன் வேகமும் ஏறும். நம்மூர்க் கோடையில் நேற்று கோடாக இருந்தது நாளைக்குள் தாடையைத் தின்றுவிடும். மீன்மேல் பூஞ்சை போலப் படரும் சாப்ரோலெக்னியா அப்படியில்லை, நீள நீள இழையாகத் தண்ணீரில் அலையும். காலம்னாரிஸோ சாம்பல் வெள்ளையாகத் தோலோடு ஒட்டிப் படியும், ஓரம் சில சமயம் மஞ்சளிக்கும்.

இனி, வாய்ப்பூஞ்சைக்கு மாற்றாக நீங்கள் எழுதிய சொற்களும் கேள்வியும்.

> குழந்தை வாயில் வெள்ளை படிந்தால் ‘அக்கரம்’ என்போமே, அதையே வைக்கலாமே?

அக்கா, இப்படி ஒரு சொல் நம்மிடம் இருப்பதே எனக்குச் சந்தோஷம். ஆனால் குழந்தைக்கு அப்படி வெள்ளை படிவது கேண்டிடா என்ற பூஞ்சையால். வாசலில் துரத்திய பூஞ்சையைக் கொல்லை வழியாகக் கூட்டி வந்தது போலாகிவிடும்.

> வாய்க்காணை?

தம்பி, குடியாத்தம் பக்கம் ‘காணை’ என்று சொல்லிப் பார், எல்லோரும் மாட்டுக் கொட்டகையைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அது மாட்டுக்கு வரும் கோமாரி, வைரஸ் நோய் வேறு.

‘வாய்ப்பஞ்சு’ம் வேண்டாம். பஞ்சு மாதிரி இருப்பது அந்தச் சாப்ரோலெக்னியாதான்.

நான் முன்வைப்பது ‘வாயழுகல்’. துடுப்பழுகல், வாலழுகல், செவுளழுகல் என்று ஏற்கெனவே சொல்கிறோம். இதே பாக்டீரியா செவுளில் ஏறினால் செவுளும் அழுகும். ஆகவே வாயழுகல் அந்த வரிசையில் தானாக உட்காருகிறது. மீன் வளர்க்கிறவருக்கு விளக்கம் தேவையில்லை, தவறான மருந்தையும் அது கை காட்டாது.

> வெள்ளைக் கோடு தெரியும்போது எதுவும் அழுகவில்லையே. பெயரைப் பார்த்துவிட்டு அழுகும்வரை காத்திருப்பார்களே?

ஐயா, இந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. ‘உதட்டு வெளுப்பு’ என்று மாற்றிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் உரசின காயமும் ஆறும்போது வெளுக்கும். பயப்பட வேண்டாததற்கும் மருந்து ஊற்றுவார்கள். அதனால் பெயர் வாயழுகல் என்றே இருக்கட்டும், விளக்கத்தின் முதல் வரி ‘உதட்டு வெளுப்பில் தொடங்கி வேகமாகப் பரவுவது’ என்று இருக்கட்டும்.

அந்த விளக்கத்தில் வைத்தியமும் இரண்டு வரி வேண்டும். மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி, காற்று நன்றாகக் கொடுத்து, லிட்டருக்கு 2 அல்லது 3 கிராம் கல்லுப்பைக் கரைத்து ஊற்ற வேண்டும். சூட்டை மெல்ல மெல்ல இறக்க வேண்டும். தண்ணீர் மேல்பரப்பில் டேபிள் ஃபேன் காற்று பட்டாலே இரண்டு டிகிரி குறையும். அதற்கும் அடங்காவிட்டால் கால்நடை மருத்துவரைக் கேட்டு ஆன்டிபயாடிக். அதைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். வேலூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்துகொள்ளும், அதனால் கடின நீரில் பாதி வேலைகூடச் செய்யாது. நம் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று குழாய் வாயில் படியும் வெள்ளை உப்பே சொல்லும். இந்த வருஷம் பெரிய டெம்ப்சிக்கு அதே கோடு வந்தது. உப்பும் ஃபேனும்தான். ஆறாம் நாள் மண்புழுத் துண்டை விழுங்கியது. மேலுதட்டில் ஒரு சின்னப் பள்ளம் மட்டும் நின்றுவிட்டது.

கடைசியாக, அந்தச் சண்டைக்கும் ஒரு சொல் வேண்டும். ‘வாய்ப்பூட்டு’ என்றால் சட்டம்தான் நினைவுக்கு வருகிறது. மல்லுக்கட்டு என்று சொல்வதால் ‘வாய்மல்லு’ என்று போடலாமா? ஏரியில் ஜிலேபி மீன் ஆண்கள் வாயோடு வாய் முட்டி நிற்பதற்கும் இதுவே பொருந்தும், அதுவும் சிக்லிட் குடும்பம்தான். காயத்துக்கு ‘வாய்மல்லுக் காயம்’. அதில் கிருமி ஏறினால் வாயழுகல். காயத்துக்குச் சுத்தமான தண்ணீரே பெரும்பாலும் போதும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தால் வெறும் காயத்துக்கு யாரும் மருந்தைக் கொட்ட மாட்டார்கள்.

சனிக்கிழமைவரை பார்க்கிறேன். மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் வாயழுகல் ஏறும். வாய்மல்லு பற்றி மட்டும் எல்லோரும் ஒரு வரியாவது எழுதுங்கள்.