தடாகத்தில நேர், கடலில கோணல்: இரண்டு மைல் நீச்சலுக்கு உதவி வேணும்

முல்லைக்கரை

வணக்கம் அண்ணாமார், அக்காமார். தங்கச்சிக்கு 19 வயசு. பங்குனிக் கடைசியில கல்கிசையில (கொழும்புக்குக் கிட்ட, மேற்குக் கரை) இரண்டு மைல் கடல் நீச்சல் போட்டிக்கு ஆயத்தம் செய்யிறா. இன்னும் ஒன்பது கிழமை கிடக்கு. 25 மீற்றர் தடாகத்தில 3 கிலோமீற்றரை 65 நிமிசத்தில முடிக்கிறா. முல்லைத்தீவுக் கடலில கரையோட ஒரு கிலோமீற்றர் நீந்த 28 நிமிசம் போகுது. எப்பவும் வலப்பக்கம் இழுபட்டுப் போறா. மூச்சும் வலப்பக்கம்தான் எடுக்கிறா. 40 நிமிசம் தாண்டினால் பின்கழுத்துத் தோல் உரியுது, கொகிள்ஸில (நீச்சல் கண்ணாடியில) ஆவி படிஞ்சு புகாராகுது, கரைக்கு வந்தால் சத்தி (வாந்தி) வருது. குளத்தில பழகினால் சரி வருமோ?

வள்ளக்காரன்

முதல்ல குளக் கதையை விடுங்கோ. வன்னிக் குளங்களில முதலை இருக்கு. துருசு (மதகு) பக்கம் தண்ணி இழுக்கும். கலங்கல் தண்ணியில எலிக்காய்ச்சலும் பிடிக்கும். நந்திக்கடல் களப்பு ஆழம் குறைவு, அடி சேறு, வலை விரிச்சிருப்பினம். கடல்தான் வழி.

இப்ப கரைச்சல் என்னெண்டால், கல்கிசைக் கடல் அடங்கிக் கிடக்கிற மார்கழி, தை மாசங்களில எங்கட கரையில வாடைக் காத்து. அதால அடுத்த நாலு கிழமையும் தடாகத்திலயே தூரத்தைக் கூட்டுங்கோ. மாசி நடுவுக்குப் பிறகு கடல் அடங்க அடங்க, கிழமைக்கு ரெண்டு தரம், விடிஞ்ச உடன காத்து எழும்ப முன்னம் இறங்கலாம். அலை உடையிற கரையில ஒரு துண்டு மட்டும் அலை உடையாமல், கலங்கின நிறத்தில வெளிய ஓடினால் அது இழுவை. அதுக்குள்ள இறங்கக் கூடாது. மாட்டுப்பட்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் கரைக்குச் சமாந்தரமா நீந்தி வெளிய வர வேணும்.

பக்கத்தில வள்ளம் கட்டாயம். பாக்கு நீரிணையை 1954இல் கடந்த நவரத்தினசாமிக்கும் 1971இல் போய்த் திரும்பிய ஆழிக்குமரன் ஆனந்தனுக்கும்கூட வள்ளம் கூடப் போனது. அதோட மூடி இறுக்கின 5 லீற்றர் வெறும் கானுக்குச் செம்மஞ்சள் துணி சுத்தி, அகலமான துணிப் பட்டியால இடுப்பில கட்டுங்கோ. இழுத்தால் உடன அவிழுற உருவு முடிச்சா இருக்கட்டும். கயிறு ஒன்றரை முழத்துக்கு மேல வேண்டாம், நீண்டால் காலில சுத்தும்.

நேர்கோடு

கணக்கைப் பாருங்கோ. தடாக வேகத்தில 28 நிமிசம் எண்டால் ஏறக்குறைய 1290 மீற்றர். அலைக்குக் கொஞ்சம் கழிச்சாலும், 1000 மீற்றருக்கு 200க்கு மேல வீணா நீந்துறா. இதே கோணலோட 3.2 கிலோமீற்றர் போனால் நாலு கிலோமீற்றருக்கு மேல, 90 நிமிசம் பிடிக்கும். தங்கச்சிக்கு வேகம் காணும். நேர் போகப் பழகினால் வேற ஒண்டும் தேவையில்லை.

தடாகத்தில அடிக்கோடு இருக்கிறதால கண் பிழையைத் திருத்திக்கொண்டே இருக்கும். கடலில கோடு இல்லை, பிழை கூடிக்கொண்டு போகும். ஆளில்லாத நேரம் தடாக நடுவில கண்ணை மூடி 20 கைவீச்சு நீந்தச் சொல்லுங்கோ, நீங்கள் பக்கத்தில நடந்து வந்து சுவர் கிட்டினால் தட்டி விடுங்கோ. எந்தக் கை எங்க விழுகுது எண்டு முன்னால நிண்டு ஒரு வீடியோவும் எடுத்து வையுங்கோ.

அடுத்தது நிமிர்ந்து பார்க்கிறது. 6 தொடக்கம் 8 வீச்சுக்கு ஒருக்கா, முன்னுக்கு நீட்டின கை தண்ணியை அமத்தத் தொடங்கேக்க கண் மட்டும் தண்ணிக்கு மேல வரட்டும், மூக்கு வேண்டாம். பார்த்த உடன முகத்தைப் பக்கம் திருப்பி மூச்சு. நேர முன்னுக்குப் பார்த்தபடி மூச்செடுத்தால் கால் தாழும், இடுப்பு நோகும். அலைப் பள்ளத்தில கிடக்கேக்க ஒண்டும் தெரியாது, அலை தூக்கேக்க பார்க்க வேணும். போட்டியில வழி காட்டுற மிதவை சின்னன், ஆகையால் அதுக்கு நேர பின்னால இருக்கிற உயரமான கட்டடத்தையோ தென்னையையோ குறி வையுங்கோ.

இதில எங்கட பிள்ளையள் தடுமாறுற ஒரு விசயம் இருக்கு. முல்லைத்தீவில காலமைச் சூரியன் கடல் பக்கம். கல்கிசையில அது கரைப் பக்கம். வெளிய போகேக்க வெளிச்சம் முதுகில, திரும்பேக்க கரை முழுக்கக் கறுப்பாத் தெரியும். கடும் நிறக் கண்ணாடி போட்ட கொகிள்ஸ் ஒண்டு வாங்குங்கோ. முதல் நாள் அதே நேரத்துக்குக் கரையில நிண்டு, எந்தக் கட்டட உருவம் தனியாத் தெரியுது எண்டு பார்த்து வைக்க வேணும்.

உப்புத்தண்ணி

மிச்சத்துக்கு நான். கொகிள்ஸ் உள்பக்கம் விரலால துடைச்சால் பூச்சு போயிடும், பிறகு புகார் நிக்காது. குழந்தை ஷாம்பு ஒரு துளி விட்டு மெல்லப் பரவி, நல்ல தண்ணியில ஒருக்கா அலசுங்கோ. நீந்த முன்னம் நெத்தியில தூக்கி வைச்சாலும் வேர்வை ஆவி பிடிக்கும்.

கழுத்துக்கு வஸ்லின். பின்கழுத்து, கக்கம், உடுப்பு விளிம்பு படுற இடமெல்லாம் தடிப்பாப் பூசுங்கோ. கையில ஒரு ஷொப்பிங் பையை மாட்டிப் பூசினால்தான் விரல் நெய் கொகிள்ஸில படாது. தோளில இலக்கம் எழுதின பிறகுதான் பூசலாம், நெய்க்கு மேல மை பிடிக்காது.

சத்திக்குக் காரணம் பெரும்பாலும் விழுங்கின உப்புத்தண்ணி. அலை வாற பக்கம் வாய் திறக்கிறா. ரெண்டு பக்கமும் மூச்செடுக்கப் பழகினால் அலைக்கு மறுபக்கம் திரும்பலாம், கோணலும் குறையும். மெழுகுக் காதடைப்பான் தலைச்சுத்தைக் குறைக்கும்.

முல்லைக்கரை

பெரிய உபகாரம். பயணம் எப்பிடி? முதல் நாள் இரவு பஸ்ஸில வெளிக்கிட்டு விடியக் கொழும்பில இறங்கினால் காணுமோ?

உப்புத்தண்ணி

வேண்டாம். அங்க இருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல. இரவு முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு, ஏசிக் குளிரில கழுத்தை மடக்கி இருந்திட்டுத் தோளைச் சுழட்ட ஏலாது. ரெண்டு நாள் முந்திப் பகல் ரயிலில போங்கோ, இருக்கையை வேளைக்கே பதிஞ்சு வையுங்கோ. கொழும்புக் கோட்டையில மாறிக் கரையோர ரயில் பிடிச்சால் கல்கிசை. நீச்சல் உடுப்பு, ரெண்டு கொகிள்ஸ், தொப்பி, அடையாள அட்டை எல்லாம் கைப்பையில, மடியில இருக்கட்டும்.

முதல் நாள் இரவு கொத்தும் கறியும் வேண்டாம். காலமை மூண்டு மணித்தியாலம் முந்தி இடியப்பமும் சொதியும், இல்லாட்டில் பாணும் வாழைப்பழமும். ஜீவனி (உப்புச்சீனிக் கரைசல் தூள்) ஒரு பக்கெட்டை ஒரு லீற்றரில கரைச்சு அதில பாதியை ஒரு மணித்தியாலம் முந்திக் குடிச்சு முடிக்க வேணும். கடல் தண்ணி சூடு, நீந்தேக்கயும் உடம்பு வேர்க்கும்.

நகத்தை வெட்டுங்கோ, தோடு, சங்கிலி, மணிக்கூடு கழட்ட வேணும், தொடங்க முன்னம் பார்ப்பினம். மிதவையை எந்தத் தோள் பக்கம் விட்டுச் சுத்துறது எண்டு விளக்கம் சொல்லேக்க கேளுங்கோ. மாறிச் சுத்தினால் நீக்கிவிடுவினம். கூட்டமாப் பாயேக்க நடுவில நிக்காமல் ஓரமா, பத்து எண்ணிப் போட்டு இறங்கலாம். கொகிள்ஸ் பட்டி தொப்பிக்குள்ள இருந்தால் கால் பட்டுக் கழராது.

சொறி (ஜெலி மீன்) பட்டால் தேய்க்காதேங்கோ, நல்ல தண்ணி ஊத்தாதேங்கோ. கடல் தண்ணியால கழுவி, ஒட்டினதைச் சாவணத்தால எடுத்து, தாங்கக்கூடிய சுடுதண்ணியில 20 நிமிசம். மூச்சு முட்டினால் உடன ஆஸ்பத்திரி.

முல்லைக்கரை

கண் மூடி நீந்திப் பார்த்தா. 14ஆவது வீச்சில வலப்பக்கச் சுவர். வீடியோவில, வலப்பக்கம் மூச்செடுக்கேக்க இடக்கை தலைக்கு முன்னால குறுக்க விழுகுது.

நேர்கோடு

அதுதான் பிழை. மூச்சுக்காக உடம்பு உருளேக்க முன்னுக்கு நீட்டின இடக்கை நடுக்கோட்டைத் தாண்டுது, உடம்பு வலப்பக்கம் திரும்புது. தலைக்கு நேர மேல 12 மணி எண்டு நினைச்சு, இடக்கையை 11இலயும் வலக்கையை 1இலயும் வைக்கச் சொல்லுங்கோ. முதல்ல கை அளவுக்கு மிஞ்சி விரிஞ்ச மாதிரித்தான் அவவுக்கு இருக்கும், வீடியோவைக் காட்டுங்கோ, நம்புவா. ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில 50 மீற்றர் எட்டுத் தரம், ஒவ்வொண்டுக்கும் 15 செக்கன் ஆறுதல், மூண்டு வீச்சுக்கு ஒரு மூச்சு. ரெண்டு கிழமையால திரும்பக் கண்ணை மூடிப் பாருங்கோ. 20 வீச்சும் சுவரில படாமல் போனால் கடலில இறங்கலாம். கடைசிப் பத்து நாளும் தூரத்தைப் பாதியாக் குறைச்சு, தோளை ஆற விடுங்கோ.