மறு: கேஷுக்குத் தமிழ்ச்சொல் – ‘கையிருப்பு’ பொருந்துமா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

கேஷ் என்பது, அடிக்கடி கேட்கப்படும் தரவின் படியை (நகலை) மறுபடி சீக்கிரம் கொடுப்பதற்காகப் பக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ளும் கணினி ஏற்பாடு. அதற்குத் தமிழ்ச்சொல் தேடி மூன்று நாளாக ஓடும் இந்த இழையை முழுவதும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பதுக்ககம், தேக்ககம், இடைநினைவகம் என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. என் ஓட்டு நான் முன்வைத்த நான்காவது சொல்லுக்கு: கையிருப்பு. காரணத்தைச் சொல்லும் முன் ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகளுக்கான தமிழ் வாசிப்பு வகுப்பு ஒன்றின் இணையத்தளத்தைத் தொண்டூழியராகப் பார்த்துக்கொள்கிறேன். பக்கம் திறக்க ரொம்ப நேரமாகிறது என்று பெற்றோர் சொன்னார்கள். கேஷ் போட்டேன். படம், எழுத்துரு, அறிவிப்புப் பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு: படியை எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் மேக்ஸ்-ஏஜ் 86,400 நொடி, அதாவது ஒரு முழு நாள். தளம் பறந்தது. இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை இரவு வகுப்பு நடக்கும் இடம் மாறியது. பக்கத்தைத் திருத்தி, சர்வரில் இருந்த கேஷையும் அழித்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை நல்ல மழை. ஓர் அம்மா இரண்டு பிள்ளைகளுடன், முன்பு வகுப்பு நடந்த அடுக்குமாடி புளோக்கின் கீழே நின்றுகொண்டு அழைத்தார். “தம்பி, நீங்க போட்ட பேஜ்ல இந்த இடம்தானே இருக்கு?” முதல் நாள் மதியம் அவர் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். அவருடைய கைத்தொலைபேசி ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டது. அதை இங்கிருந்து என்னால் அழிக்க முடியாது. “அக்கா, கேஷைக் கிளியர் பண்ணிட்டுப் பாருங்க” என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. அப்புறம், “கேஷா? வகுப்பு இலவசம்னுதானே சொன்னீங்க?” என்று கேட்டார்.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போதாவது இரண்டும் (cash, cache) வேறு. தமிழில் எழுதினாலும் பேசினாலும் பணமும் கேஷ், இதுவும் கேஷ். அப்படியே ஒலிபெயர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று சொன்ன நண்பர் இதை யோசிக்க வேண்டும். பெருவிரைவு ரயிலில் ‘ரயில்’ அப்படியே இருக்கிறது, யாருக்கும் குழப்பமில்லை. இங்கே குழப்பம் இருக்கிறது.

இப்போது பதுக்ககத்துக்கு வருகிறேன். மூலச்சொல்லுக்கு நேர்மையான மொழிபெயர்ப்பு அதுதான். கேஷ் என்ற அந்த மூலச்சொல்லுக்குப் பிரெஞ்சில் மறைத்து வைத்தல் என்று பொருள். வட அமெரிக்கக் காடுகளில் வேட்டைக்குப் போனவர்கள் உணவை ஒளித்து வைத்த இடத்துக்கு அந்தப் பெயர் வந்தது. ஆனால் கணினிக்காரர்கள் முதலில் எடுத்த சொல் அதுவல்ல. 1965இல் பிரிட்டிஷ் கணினி அறிவியலாளர் மாரிஸ் வில்க்ஸ் தம் கட்டுரையில் ‘அடிமை நினைவகம்’ என்று எழுதினார். ஐபிஎம் நிறுவனம் தன் சிஸ்டம்/360 மாடல் 85 கணினியைப் பற்றி எழுதும்போது முதலில் ‘அதிவேக இடையகம்’ என்ற பொருளில்தான் எழுதியது. அந்நிறுவன இதழின் பதிப்பாசிரியருக்கு அது பிடிக்கவில்லை, வேறு சொல் கேட்டார், கடைசியில் அவரே கேஷ் என்று வைத்தார். 1968இல் அச்சேறியது. ஆக, ஆங்கிலத்திலும் இது மூன்றாவது சொல். அவர்கள் தேடியது போலவே நாமும் தேடலாம். அவர்கள் எடுத்த உருவகத்தையே நாமும் எடுக்க வேண்டியதில்லை.

தமிழில் பதுக்கல் என்றால் அரிசி மூட்டை நினைவுக்கு வருகிறது. விலை ஏறட்டும் என்று மறைத்து வைப்பது அது. கேஷ் செய்வது இதற்கு நேர்மாறு: கேட்டவுடன் கொடுக்கத்தான் வைத்திருக்கிறது. தேக்ககமும் எனக்கு ஒட்டவில்லை, தேங்குவது நகராதது. இடைநினைவகம் கணினியின் ப்ராசஸருக்குள் இருக்கும் கேஷுக்குச் சரி. இணையத்தில் பக்கத்தின் படி வட்டில் இருக்கலாம், உலாவியில் இருக்கலாம், பல ஊர்களில் படிகளை வைத்து வழங்கும் விநியோக வலையமைப்பின் சர்வரில் இருக்கலாம். நினைவகம் என்ற சொல் அங்கே இடிக்கும்.

இதில் மையமான கருத்து மறைவு இல்லை, அண்மை. எங்கள் தளத்தின் மூலச் சர்வர் அமெரிக்க மேற்குக் கரையில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவுக்கும் நாங்கள் இருக்கும் சிங்கப்பூருக்கும் நேர்க்கோட்டுத் தூரமே சுமார் 13,600 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர சுமார் 0.14 நொடி, இந்த இழை வழியே இதற்குக் கீழே குறைக்க முடியாது. பாதுகாப்பான இணைப்பைத் திறந்து பக்கத்தைக் கேட்டு வாங்க, பரவலாக உள்ள முறையில் மூன்று தடவை போய்வர வேண்டும். முதல் எழுத்து வருவதற்குள் 0.4 நொடி போய்விடுகிறது. அதே படி சிங்கப்பூரிலேயே ஒரு சர்வரில் இருந்தால் இந்தப் பயணம் இல்லை. கைத்தொலைபேசியிலேயே இருந்தால் வலையமைப்பே தேவையில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது, அதனால்தான் கையிருப்பு.

எங்கள் புளோக்குக்குக் கீழே பரோட்டா கடை இருக்கிறது. ஞாயிறு காலை ஏழரைக்கெல்லாம் வரிசை வந்துவிடும். பரோட்டா போடுபவர் அதற்கு முன்பே பத்துப் பன்னிரண்டைப் பாதி வேகவைத்துக் கல்லின் ஓரத்தில் அடுக்கி வைத்துவிடுவார். ஆர்டர் வந்ததும் நடுக்கல்லுக்கு இழுத்து, ஒரு புரட்டு, இரண்டு உள்ளங்கையாலும் தட்டி உதிர்த்துத் தட்டில் போடுவார். வெங்காயமும் முட்டையும் கேட்டால் அடுக்கைத் தொடமாட்டார், உருண்டையிலிருந்து வீசத் தொடங்குவார். வெகு நேரம் கிடந்து விறைத்ததை ஒதுக்கிவிடுவார். எது ஓரத்தில் இருக்கலாம், எது இருக்கக்கூடாது, எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பது அவர் கைக்குத் தெரியும். நான் தவறவிட்டது அதைத்தான். படங்களும் எழுத்துருவும் ஓராண்டுகூட இருக்கலாம். மாறும்போது கோப்புக்குப் புதுப்பெயர் வைத்தால் போதும். வகுப்பு அறிவிப்பு, முட்டை பரோட்டா மாதிரி.

இனி நேற்று வந்த மறுப்புகள்.

> பணக் குழப்பத்தைத் தவிர்க்கப் போய், ரொக்கக் கையிருப்புக்கே திரும்பி வருகிறீர்களே?

ஐயா, நியாயமான கேள்வி. கையிருப்பு பணத்துக்கும் சொல்வோம், அரிசிக்கும் சொல்வோம், மருந்துக்கும் சொல்வோம். கேஷ் என்றால் அந்த அக்காவுக்குப் பணம் மட்டுமே தெரிந்தது. “பழைய படி உங்கள் போனின் கையிருப்பில் இருக்கிறது” என்று சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

> இணையக் கடையில் ‘கையிருப்பில் இல்லை’ என்றால் பொருள் தீர்ந்துவிட்டது என்றல்லவா அர்த்தம்?

இதுதான் உண்மையான சிக்கல். ஒப்புக்கொள்கிறேன், அக்கா. கடைத்தளங்களில் ‘கையிருப்புப் படி’ என்று முழுதாக எழுதலாம். சரக்கு வேறு, படி வேறு என்று தெளிவாகிவிடும். மற்ற இடங்களில் சுருக்கமே போதும்.

ஒரு சொல் நிற்குமா என்பதை அதன் பிள்ளைகளை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கேட்டது இருந்தால் ‘கையிருப்பில் உண்டு’, இல்லையென்றால் ‘கையிருப்பில் இல்லை’. எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பது ‘இருப்புக்காலம்’. காலம் கடந்தது ‘பழைய இருப்பு’. மூலத்திடம் மாறியிருக்கிறதா என்று கேட்பது ‘சரிபார்ப்பு’. மாறவில்லை என்றால் 304 என்ற எண் வரும், பக்கம் மறுபடி வராது. எதற்கும் அகராதி தேவைப்படவில்லை.

ஆங்கிலப் பெயரே தடுமாற வைக்கும் இடம் ஒன்று உண்டு. பக்கத்தோடு சர்வர் அனுப்பும் கட்டளையில் நோ-கேஷ் என்று எழுதினால் கேஷ் செய்யாதே என்றுதானே நினைப்போம்? அப்படியில்லை. படியை வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு முறையும் மூலத்திடம் கேட்காமல் கொடுக்கக்கூடாது என்பது அதன் பொருள். வைக்கவே கூடாது என்பதற்கு நோ-ஸ்டோர். அனுபவசாலிகளே இதில் மாட்டிக்கொள்கிறார்கள். முதலாவதை ‘கேட்டுக் கொடு’ என்றும் இரண்டாவதை ‘இருப்பில் வைக்காதே’ என்றும் தமிழில் எழுதிவிட்டால் தவறு நடக்க இடமே இல்லை. எங்கள் அறிவிப்புப் பக்கத்துக்கு இப்போது ‘கேட்டுக் கொடு’தான்.

தளத்தின் நிர்வாகப் பக்கத்தில் இருந்த பொத்தானையும் மாற்றிவிட்டேன். முதலில் ‘கையிருப்பைக் காலி செய்’ என்று போட்டேன். எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அதை அமுக்கவே பயந்தார், ஏதோ இருப்பதெல்லாம் போய்விடும் என்று. இப்போது ‘பழைய படிகளை நீக்கு’ என்று இருக்கிறது. தயங்காமல் அமுக்குகிறார்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கூட்டம் வருவதற்கு முன்பே பக்கங்களைத் திறந்து கையிருப்பை நிரப்பி வைப்போம் இல்லையா, அந்தச் செயலுக்குப் பெயர் என்ன? ஆங்கிலத்தில் சூடேற்றுவது என்கிறார்கள். தமிழில் இணையத்தளத்தைச் சூடேற்றினேன் என்றால் சர்வர் கொதிக்கிறது என்று நினைப்பார்கள். ‘முன்னிருப்பு’ என்று எழுதிப் பார்த்தேன்; அதை ஏற்கெனவே டீஃபால்ட்டுக்கு, அதாவது நாம் மாற்றாதவரை இருக்கும் அமைப்புக்கு, சிலர் புழங்குகிறார்கள். பரோட்டாக்காரர் அந்த முதல் அடுக்கை என்ன சொல்வார் என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டு எழுதுகிறேன். அதற்குள் யாருக்காவது தோன்றினால் இதே இழையில் போடுங்கள்.

அன்புடன்,
தோ பாயோவிலிருந்து